பச்சைக்கிளி விற்பனைத் தடை (மதுரை)

மதுரை வட்டாரத்தில் கூண்டுக்கிளி வளர்ப்பது பழக்கமாக இருந்து, பின்னர் குற்றமான வரலாறு. மதுரைக் கோயிலின் மீனாட்சி அம்மன் கையில் கிளி உண்டு. அக்கோயிலின் பொற்றாமரைக் குளத்தருகே உள்ள கிளிக்கூட்டு மண்டபத்தில் ஒரு காலத்தில் கிளிகளை வளர்த்து, அம்மன் பெயரைச் சொல்லப் பழக்கினார்கள். சித்திரைத் திருவிழாவில் வண்டியூர் வரை போகும் கள்ளழகருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் மாலையோடு கிளியும் வருகிறது. அது இலைகளால் கட்டிய கிளி. எந்தச் சட்டமும் அதைத் தொடாது.

ஆங்கிலேயர் 1912-இல் இயற்றிய காட்டுப்பறவை, விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் மயில், காடை, மீன்கொத்தி எல்லாம் இருந்தன, கிளி இல்லை. 1972-இல் வந்த வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பட்டியலில் சேர்த்தாலும், உரிமம் பெற்ற வணிகத்துக்கு இடம் விட்டது. 1990-91-இல் அந்த வழியும் அடைபட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள திருத்தத்தின்படி பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. தண்டனை மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பனை, தென்னைப் பொந்துகளில் இறகு முளைக்காத குஞ்சாக இருக்கும்போதே கிளியை எடுத்துவிடுவார்கள். சட்டத்தின் பார்வையில் பறவைக் கூட்டைக் கலைப்பதும் வேட்டைதான். ஆனாலும் நீண்ட காலம் பிடிபட்டவர்கள் பெரும்பாலும் பிடிப்பவர்களும் விற்பவர்களுமே. காசு கொடுத்து வாங்கித் திண்ணையில் கூண்டு மாட்டியவர் தன்னைக் குற்றவாளியாக நினைத்ததே இல்லை; வனத்துறையும் அவர் வாசலுக்கு அதிகம் போகவில்லை. தடை பலிக்காமல் போனதற்கு இதுவே முதற்காரணம். 2007-இல் அமைந்த வனஉயிரினக் குற்றத் தடுப்புப் பணியகத்துக்குச் சென்னையில் தென்மண்டல அலுவலகம் உண்டு. ஆனால் யானைத் தந்தமும் கடல் அட்டையும் கடத்தப்படும் மாநிலத்தில் கிளிக்கு நெடுங்காலம் கடைசி வரிசைதான்.

இப்போது நிலைமை மாறிவருகிறது. 2024 மக்களவைத் தேர்தலின்போது கடலூர் வேட்பாளர் ஒருவருக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்த சோதிடக் கிளியையே வனத்துறை பறிமுதல் செய்தது. வீட்டுக் கிளிகளை ஒப்படைக்கும்படி மதுரையிலும் அறிவிப்பு வந்தது.

மீட்ட கிளியை உடனே பறக்கவிட முடியாது. வெட்டிய சிறகு வளர வேண்டும். இரை தேடவும் அது பழக வேண்டும். கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கும் சின்ன ஆஸ்திரேலியக் கிளிகளுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் பச்சைக்கிளி வைத்திருப்பவர்கள் கூண்டைத் திறந்து விட்டுவிடாமல், அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.