சுவீடன் நாட்டுப் பள்ளிகளில் பாலியல் கல்வி: திருச்சபை நின்ற இடம்

பாலியல் கல்வியைப் பள்ளிப் பாடமாக்குவது பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம் சபையாரில் சிலர் சுவீடன் நாட்டை ஒழுக்கத் தளர்ச்சிக்கு உதாரணமாகக் காட்டுவது வழக்கம். அக்கல்வி அங்கு எங்ஙனம் தோன்றியது என்று ஆராய்வோமானால், அதன் வேர்களில் ஒன்று லுத்தரன் போதகர் ஒருவரின் இல்லத்திலேயே இருப்பதைக் காண்போம்.

எலிசே ஒட்டெசன் யென்சன் 1886-ஆம் ஆண்டு நார்வே நாட்டில் ஒரு போதகரின் பதினெட்டுப் பிள்ளைகளில் பதினேழாவதாகப் பிறந்தார். அவருடைய தங்கை மணமாகுமுன் கருவுற்றபோது, தந்தை அவளை டென்மார்க்கிற்கு மறைவாக அனுப்பிவிட்டார். பிள்ளைப்பேறு எவ்வாறு நிகழும் என்பதைக்கூட அப்பெண்ணுக்கு எவரும் சொல்லவில்லை. பிறந்த குழந்தை அவளிடமிருந்து பிரிக்கப்பட்டது. அவள் மனம் பேதலித்து மாண்டாள். தமக்கை தம் தந்தையை மன்னிக்கவே இல்லை. போதகர் இல்லங்களில் வாழும் நாம் இதனை விரைந்து கடந்துபோகலாகாது. அத்தந்தையைக் கொடியவர் என்று எண்ண வேண்டியதில்லை. சபையின் பழிச்சொல்லுக்கு அஞ்சும் போதகர் எந்நாட்டிலும் உண்டு.

சுவீடனில் குடியேறிய எலிசே ஊர்தோறும் சென்று உழைக்கும் மக்களிடையே பேசினார். கருத்தடைச் செய்திகளைப் பரப்புவதைத் தடுத்த 1910-ஆம் ஆண்டுச் சட்டம் 1938-இல்தான் நீங்கியது. அதற்கு முன்பே, 1933-இல், அவர் பாலியல் அறிவுக்கென ஒரு தேசியச் சங்கத்தை நிறுவினார். அவருக்கும் முன்னோடியாக, நாட்டின் முதல் பெண் மருத்துவரான கரோலினா விடர்ஸ்ட்ரம் பெண்பிள்ளைகளுக்கு உடல்நலப் பாடத்தோடு இதனையும் கற்பித்து வந்தார். 1955-இல் இக்கல்வி பள்ளிகளில் கட்டாயமாயிற்று. மறு ஆண்டு ஆசிரியர்களுக்கான அரசுக் கைந்நூல் வெளிவந்தது.

அக்கைந்நூல் நம்மில் பலருக்கு வியப்பளிக்கும். வளரும் பருவத்தினர் உடலுறவைத் தவிர்த்து அடக்கம் காக்க வேண்டும் என்பதை ஆசிரியர் வலியுறுத்த வேண்டுமென அது விதித்தது. சுவீடன் பேராயர்கள் 1951-இல் தங்கள் குருமாருக்கு எழுதிய திருமுகமும் பாலுறவு திருமணத்திற்கே உரியது என்று கூறியிருந்தது. (தரங்கம்பாடிப் பேராயராக அந்நாளில் வீற்றிருந்த யோகன்னஸ் சாண்டகிரேனும் சுவீடிஷ் மரபினரே.) இவ்வாறு திருச்சபையின் நெறி அரசின் நூலில் இடம் பெற்றது. ஆயினும் அது இரவல் இடம் என்பதே நம் கருத்து. லுத்தரின் சிறிய ஞானோபதேசம் 1919-லேயே பள்ளிப் பாடத்திட்டத்தினின்று நீங்கிவிட்டது. அதனோடு ஆறாம் கற்பனைக்கு லுத்தர் தந்த விளக்கமும் வகுப்பறையை விட்டுச் சென்றது. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் நேசித்துக் கனம்பண்ணுவதைப் பற்றியும் அவ்விளக்கம் பேசுகிறது. விதி மிஞ்சிற்று, அதன் காரணம் கூறும் குரல் ஓய்ந்தது.

1964-இல் ஏறத்தாழ 140 மருத்துவர்கள் ஒழுக்க நெறியை இன்னும் உறுதியாகக் கற்பிக்க வேண்டுமென அரசுக்கு விண்ணப்பித்தனர். அவ்வாண்டே ஓர் ஆணையமும் அமைந்தது. அதற்கென 1967-இல் நடந்த நாடளாவிய ஆய்வு, திருமணத்திற்கு முன்பே உறவு கொண்டோர் மிகப் பெரும்பான்மையினர் என்று காட்டியது. விண்ணப்பித்தோர் நாடியதற்கு நேர்மாறான முடிவே விளைந்தது. ஆணையம் 1974-இல் அறிக்கை தந்தது. 1977-இல் வந்த புதிய கைந்நூலில் அடக்கம் பற்றிய பழைய விதி இல்லை. அரசு தந்த இடத்தை அரசே திரும்ப எடுத்துக்கொண்டது.

எனினும் புதிய நூல் நெறியற்றது என்று சொல்வது நேர்மையன்று. வற்புறுத்தல் தகாது, ஆணும் பெண்ணும் சமம் என்பவற்றில் அது உறுதியாக நின்றது. பாடத்தின் பெயரே 'இணைந்து வாழ்தலைக் கற்பித்தல்' என்று மாறியது. சுவீடனின் போதகர்கள் இச்சொற்களைக் கேட்டுத் தங்கள் திடப்படுத்தல் வகுப்புகளில் என்ன மறுமொழி கூற முடியும் என்பது கடினமான கேள்வியாயிற்று. ஏனெனில் திருமறையும் அவற்றை மறுக்கவில்லை. 2022-இல் அந்நாட்டுப் பாடத்திட்டம் மீண்டும் திருத்தப்பட்டபோது, 'பாலியலும் சம்மதமும் உறவுகளும்' என்பது இப்பகுதியின் பெயராயிற்று.