கேப்டவுன் உடன்படிக்கை

தன் ஆட்சிக்குட்பட்ட மக்களை ஓர் அரசாங்கம் எவ்வாறு நடத்துகின்றது என்று கேட்கும் உரிமை பிறிதோர் அரசாங்கத்துக்கு உண்டா? ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1946 ஆம் ஆண்டிலே தன் முதற் கூட்டத்தொடரிலேயே இவ்வினாவை எதிர்நோக்கியது. அங்கு எழுந்த வாதத்தின் வேர், அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னர் தென்னாபிரிக்காவின் கேப்டவுன் நகரில் நடைபெற்ற ஒரு மகாநாட்டில் இருந்தது.

சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்னும் கப்பல் 1860 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆம் திகதி டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற முதல் இந்தியர் அதில் இருந்தனர். 1911 வரையில் இவ்வாறு சென்றோர் சுமார் 1,52,000 பேர். தமிழரும் தெலுங்கரும் அவருட் பெருந்தொகையினர். ஒப்பந்தம் முடிந்தபின் பலர் அங்கேயே தங்கிக் காய்கறித் தோட்டம் செய்தனர். சிறு கடை வைத்தனர். அவர்கள் மீது விதிக்கப்பட்ட மூன்று பவுண் வரி, காந்தியடிகள் நடத்திய சத்தியாக்கிரகத்தின் பயனாக 1914 இல் நீங்கியது. அப்போராட்டத்திற் சிறை சென்று நோயுற்று உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையைத் தமிழுலகம் நன்கறியும்.

வரி நீங்கியதேயன்றி வெறுப்பு நீங்கவில்லை. 1925 இல் உள்நாட்டு அமைச்சராயிருந்த டி. எப். மலான், இந்தியர் நகரங்களிற் குறிக்கப்பட்ட பகுதிகளில் மட்டுமே குடியிருக்கவும் வணிகம் செய்யவும் வேண்டும் என்னும் மசோதாவைக் கொணர்ந்தார். இந்தியர் அந்நாட்டுக்கு அந்நியர், அவர்தம் தொகை பெரிதும் குறைந்தாலன்றிச் சிக்கல் தீராது என்பதே அதன் அடிப்படை. அப்போது அங்கிருந்த இந்தியர் ஏறத்தாழ 1,60,000 பேர். அவருட் பெரும்பாலோர் அம்மண்ணிலேயே பிறந்தவர். அவர்களை எந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவது?

இந்திய அரசாங்கம் ஜோர்ஜ் பாடிசன் தலைமையில் ஒரு தூதுக்குழுவை அனுப்பியது. அதன் முயற்சியாற் பேச்சுக்கு வழி பிறந்து, மசோதா ஒத்திவைக்கப்பட்டது. 1926 செப்டெம்பரிலே தென்னாபிரிக்கத் தூதுக்குழுவொன்று இந்தியாவுக்கு வந்து மீண்டது. பின்னர் டிசம்பர் 17 ஆம் திகதி கேப்டவுனில் வட்டமேசை மகாநாடு தொடங்கியது. இந்தியத் தரப்புக்குச் சென்னை மாகாணத்தவரான சேர் முகம்மது ஹபிபுல்லா தலைமை தாங்கினார். வலங்கைமானிற் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் அக்குழுவின் முதன்மையான உறுப்பினருள் ஒருவர். எதிர்ப்புறத்தில் அமர்ந்திருந்தவர், மசோதாவைக் கொணர்ந்த அதே மலான்.

1927 பெப்ரவரியில் வெளியான உடன்படிக்கைக்கு இரு முகங்கள் இருந்தன. மசோதா கைவிடப்பட்டது, மேனாட்டு வாழ்க்கை முறையை ஏற்று நிரந்தரமாக வாழ விரும்பும் இந்தியர் கல்வியிலும் பிறவற்றிலும் ஏனைய மக்களுக்குப் பின்தங்கிவிடாது உயர உதவுவதாகத் தென்னாபிரிக்க அரசு ஒப்புக்கொண்டது. இஃது ஒரு முகம். தாமாக இந்தியாவுக்கு மீள்வோருக்கு, பெரியவர் ஒருவருக்கு 20 பவுண், பிள்ளை ஒன்றுக்கு 10 பவுண் வழங்கப்படும் என்பது மறுமுகம். மூன்றாண்டுகளுக்குள் திரும்பி வாராதோர் அந்நாட்டில் வாழும் உரிமையை இழப்பர். ஒரு கை கல்வியைக் காட்ட, மறு கை கப்பலைக் காட்டியது. மேசையைச் சுற்றி இரு அரசாங்கங்களின் பிரதிநிதிகள் இருந்தனர். எவருடைய வாழ்வு பேசப்பட்டதோ அந்தத் தென்னாபிரிக்க இந்தியருக்கு அங்கே ஓர் ஆசனமும் இருந்ததில்லை.

எனினும் அவ்வுடன்படிக்கை வெறும் தாளாக ஒழியவில்லை. இந்திய அரசின் முதல் ஏஜெண்டாக 1927 இல் தென்னாபிரிக்கா சென்ற சாஸ்திரியார், தம் ஆங்கில நாவன்மையால் வெள்ளையர் பலரின் மதிப்பைப் பெற்றார். கல்வி பற்றிய வாக்குறுதியைப் பற்றிக்கொண்டு, இந்திய மக்களிடமே நிதி திரட்டி, டர்பனில் ஓர் உயர்தரப் பாடசாலைக்கு வித்திட்டார். 1929 இல் திறக்கப்பட்ட அது சாஸ்திரி கல்லூரி எனப் பெயர் பெற்றது. நேட்டால் இந்தியப் பிள்ளைகளுக்கு உயர்தரக் கல்வியின் கதவைத் திறந்தது அக்கல்லூரியே.

திருப்பி அனுப்பும் திட்டமோ வெற்றி பெறவில்லை. 1932 இல் இரு அரசாங்கங்களும் மீண்டும் கூடிய பின், அதன் பயன் ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டன. இந்தியருள் நூற்றுக்கு எண்பதின்மர் அந்நாட்டிலேயே பிறந்தவர் என்பதும் ஏற்கப்பட்டது. ஆயினும் நிலவுரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் 1932, 1943, 1946 ஆம் ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

1946 இல் இந்தியா தென்னாபிரிக்காவுடன் வர்த்தகத்தை நிறுத்தியது. ஐக்கிய நாடுகள் சபையிலும் முறையிட்டது. இஃது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்று பிரதமர் ஸ்மட்ஸ் வாதித்தார். இந்தியத் தரப்பில் விஜயலட்சுமி பண்டிட் நின்றார். டிசம்பர் 8 ஆம் திகதி 32 நாடுகள் ஆதரிக்க, 15 எதிர்க்க, 7 விலகி நிற்கத் தீர்மானம் நிறைவேறியது. இந்தியர் நடத்தப்படும் முறை, இரு அரசாங்கங்களும் செய்துகொண்ட உடன்படிக்கைகளுக்கும் சாசனத்துக்கும் இணங்க அமையவேண்டும் என்பது அதன் கருத்து. கேப்டவுன் மேசையின் உண்மையான பயன் இங்கே தெரிந்தது. தன் மக்களைப் பற்றிப் பிறிதோர் அரசுடன் ஒருமுறை பேசி உடன்பட்ட அரசு, பின்னர் அதைத் தன் வீட்டுக்காரியம் என்று மட்டும் சொல்லிக் கதவடைத்தல் எளிதன்று.

தீர்மானத்தால் உடனே நன்மை விளைந்துவிடவில்லை. 1948 இல் மலானே பிரதமரானார். 1950 பெப்ரவரியிலே கேப்டவுனில் மீண்டும் பேச்சு நடைபெற்றது. அவ்வாண்டே மக்களை இனவாரியாகப் பிரித்துக் குடியமர்த்தும் சட்டம் நிறைவேறவே, பேச்சு முறிந்தது. 1926 இல் ஒத்திவைக்கப்பட்டது 1950 இல் இன்னும் கடுமையான வடிவில் வந்தது. அச்சட்டம் 1991 இல் நீக்கப்பட்டது. 1994 இல் எல்லா இனத்தவரும் வாக்களித்த தேர்தல் நடைபெற்றது.

இராஜதந்திரப் பேச்சு நீதியைத் தந்துவிடுவதில்லை. காலத்தைத் தரும், ஒரு சான்றையும் விட்டுச்செல்லும். அக்காலத்தைக் கொண்டு டர்பன் மக்கள் ஒரு கல்லூரியைக் கட்டினர். அச்சான்றைக் கொண்டு ஒரு நாடு உலகத்தின் முன் வழக்குரைத்தது. மேசையில் ஆசனம் பெறாதிருந்த மக்களோ, அறுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின் தம் வாக்கைத் தாமே அளித்தனர்.