போதுமான வெளிச்சம்

சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றாத நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. முழங்கையில் பல வருஷத்துச் சொரியாசிஸ். உதிரும் செதிலைக் கண்டதும் பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து போய்விடுவார். ஒட்டுகிற வியாதியல்ல என்று எத்தனை பேரிடம்தான் சொல்வது?

போன மாதம் அவர் வந்து, "வாரம் மூன்று நாள் ஒரு விளக்கின் முன்னே நிற்கச் சொல்கிறார் டாக்டர். மாத்திரை தின்றுவிட்டு நிற்கிற பழைய முறைதான் பலமானதாமே! எது மேல்?" என்று கேட்டார். டாக்டர் சொல்ல வேண்டிய பதிலை நான் சொல்லலாகாது. கதையைச் சொல்லலாம் அல்லவா?

விளக்கொளியால் தோலின் க்ஷயரோகத்தைக் குணப்படுத்திய டென்மார்க் டாக்டர் ஃபின்சென் 1903-இல் நோபல் பரிசு பெற்றார். வெளிச்சமும் மருந்துதான் என்பதை உலகம் ஒப்புக்கொண்டது. 1925-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கோக்கர்மன் என்பவர் சொரியாசிஸ் நோயாளிகளுக்கு நிலக்கரித் தாரைப் பூசிப் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார். 1953-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் இங்கிராம், தார்க் குளியலுக்கும் விளக்குக்கும் பிறகு டித்ரனால் என்ற களிம்பையும் சேர்த்தார். தோல் தெளிந்தது. ஆனால், வாரக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசம், தார் நாற்றம், துணியெல்லாம் கறை.

1974-இல் பாஸ்டனிலிருந்து நல்ல செய்தி வந்தது. பாரிஷ், ஃபிட்ஸ்பாட்ரிக் முதலியோர் சோரலென் வகை மாத்திரை ஒன்றைக் கொடுத்து, பிறகு நீண்ட அலை கொண்ட புற ஊதா ஒளியில் நோயாளியை நிறுத்தினார்கள். வெண்புள்ளிக்கு நம் வைத்தியர்கள் கொடுத்துவந்த கார்போகரிசியிலும் அந்தச் சோரலென் உண்டு. 'பூவா' என்ற இந்த முறைக்குப் பிடிவாதமான படைகளும் பணிந்தன. ஆனால் குமட்டல் வரும். அன்று முழுவதும் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும். பல தடவை செய்துகொண்டவர்களுக்குத் தோல் புற்றுநோய் கூடுகிறது என்பது 1979 முதல் தெரியவந்தது.

இனிதான் எனக்குப் பிடித்த கட்டம். அதே பாரிஷ், 1981-இல், ஒளியை இழை இழையாகப் பிரித்துச் சோதித்தார். 290 நானோமீட்டரும் அதற்குக் கீழும் தோலைச் சுடுமேயொழிய நோயைத் தொடவில்லை. 296-க்கும் 313-க்கும் இடையில்தான் குணம் இருந்தது. பலமான சிகிச்சையைத் தந்தவரே, போதுமான சிகிச்சை எது என்று தேடினார்! பிலிப்ஸ் கம்பெனி 311-ஐ ஒட்டிய குறுகிய ஒளி தரும் விளக்கைச் செய்தது. ஹாலந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும் 1988-இல் அதன் வெற்றி அறிவிக்கப்பட்டது. 1997-இல் ஹங்கேரியில், 308 நானோமீட்டர் லேசரால் படை உள்ள இடத்தை மட்டும் தொட்டார்கள்.

பூவா பெரும்பாலும் குறைந்த தடவைகளில் தெளிவிக்கிறது; நோய் திரும்பவும் நாளாகிறது. குறுகிய ஒளிக்கோ மாத்திரை வேண்டாம், கர்ப்பிணிக்கும் கொடுக்கலாம். அதனால்தான் முதலில் அதைத் தந்து, அது தோற்ற இடத்தில் பூவாவை எடுக்கிறார்கள். எந்த ஒளியும் நோயை வேரோடு பிடுங்குவதில்லை. தவணை வாங்கித் தருகிறது, அவ்வளவுதான்.

நண்பர் கேட்டுவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தார்.

"விளக்கு இருக்கட்டும். அதன் முன்னே நிற்கிறதற்குச் சட்டையைக் கழற்ற வேண்டுமே!" என்றார்.

அவருக்குக் கஷ்டமான சிகிச்சை அதுதான். மறுநாள் போனார்.