சாகசக் குழுவும் பயிற்சி விமானமும்: ஹெண்டன் முதல் பீதர் வரை

விமானப்படைகளின் வான்சாகசக் குழுக்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் விமானிகளின் துணிச்சலையே பேசுகிறார்கள். அந்தக் குழுக்கள் எந்த விமானத்தில் பறந்தன, அந்த விமானத்துக்குப் படையில் வேறு என்ன வேலை இருந்தது என்று கேட்டால்தான் அவை தோன்றியதும் கலைந்ததும் மீண்டதும் விளங்கும்.

தொடக்கத்தில் போர்விமானங்களே சாகசம் செய்தன. 1920இல் லண்டனை அடுத்த ஹெண்டனில் பிரிட்டிஷ் விமானப்படை தன் ஆண்டுக் காட்சியைத் தொடங்கியது. 1930இல் இத்தாலியின் கம்போஃபோர்மிடோ தளத்தில் ரீனோ கோர்சோ ஃபூஜியே கூட்டுச் சாகசத்தை முறையான பயிற்சியாக்கினார். 1946இல், போர் முடிந்த கையோடு, கடற்படை விமானப் பிரிவின் மீது மக்களுக்கு இருந்த ஆர்வம் குறைந்துவிடக் கூடாது என்று அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸ் ‘புளூ ஏஞ்சல்ஸ்’ குழுவை அமைக்கச் செய்தார். அவர்களுக்குக் கிடைத்ததும் ஹெல்கேட் போர்விமானம்தான்.

இந்தப் போக்கின் உச்சம் 1958இல் ஃபார்ன்பரோவில் நிகழ்ந்தது. பிரிட்டனின் 111ஆவது படைப்பிரிவு 22 ஹண்டர் விமானங்களை ஒரே அணியாக வானில் செங்குத்து வட்டமடிக்க வைத்தது. அதற்குத் தன்னிடம் இருந்தவை போதாமல் பிற பிரிவுகளிலிருந்தும் விமானங்களையும் விமானிகளையும் வாங்க வேண்டியிருந்தது. காவலுக்கு நிற்க வேண்டிய படைப்பிரிவைக் காட்சிக்குச் செலவிடலாமா என்ற கேள்வி அதன்பின் வலுத்தது. 1965இல் பிரிட்டனின் ‘ரெட் ஏரோஸ்’ குழு மத்தியப் பறத்தல் பள்ளியின் கீழ், நேட் பயிற்சி விமானங்களோடு மக்கள் முன் வந்தது. பிரான்ஸும் ஃபூகா மஜிஸ்டர் என்ற பயிற்சி விமானத்துக்கு மாறியது. எண்ணெய் நெருக்கடியை அடுத்து 1974இல் அமெரிக்காவின் ‘தண்டர்பேர்ட்ஸ்’ ஃபேண்டம் போர்விமானத்தைக் கைவிட்டு டி-38 பயிற்சி விமானத்தை எடுத்துக்கொண்டது.

விமானம் சிறிதானாலும் ஆபத்து சிறிதாகவில்லை. அணியில் பறக்கும் விமானிக்குத் தரை ஒரு பொருட்டல்ல. பக்கத்து விமானத்தின் இறக்கையில் குறித்துவைத்த ஒரு புள்ளியிலேயே அவர் கண் நிலைத்திருக்கும். உயரத்தையும் வேகத்தையும் கணிப்பது தலைவரின் பொறுப்பு. 1982 ஜனவரி 18இல் நெவாடா பாலைவனத்தில் நடந்த விபத்தில் ‘தண்டர்பேர்ட்ஸ்’ தலைவரின் விமானத்தில் கட்டுப்பாடு இறுகிப்போனதாக விசாரணை முடிவு செய்தது. வட்டத்திலிருந்து அவரால் மேலெழ முடியவில்லை. மற்ற மூவரும் அவரைப் பின்தொடர்ந்தே தரையில் மோதினர். நால்வரும் இறந்தனர். அந்த மூவரிடம் தவறு காண்பது நியாயமில்லை. அவர்கள் கற்ற கலையே அதுதான்.

இந்தியாவும் இதே பாதையில்தான் வந்தது. விமானப்படையின் பொன்விழாவையொட்டி 1982இல் உருவான ‘தண்டர்போல்ட்ஸ்’ ஹண்டர் போர்விமானங்களில் பறந்தது. 1996இல் கர்நாடகத்தின் பீதரில் பிறந்த ‘சூரிய கிரண்’ குழுவோ எச்.ஏ.எல். தயாரித்த கிரண் பயிற்சி விமானத்தை ஏற்றது. 2009இல் எச்.பி.டி.-32 அடிப்படைப் பயிற்சி விமானங்கள் விபத்துக்குப் பின் பறப்பதிலிருந்து நிறுத்தப்பட்டன. புதிய மாணவர்களுக்கும் கிரணே கதியாயிற்று. சாகசத்துக்கு ஒதுக்க விமானம் மிஞ்சவில்லை. 2011 பிப்ரவரியில் பெங்களூரு ஏரோ இந்தியா காட்சியோடு குழு ஓய்வெடுத்தது. 2006இலும் 2009இலும் விமானிகளைப் பலிகொண்ட விபத்துகள் நிறுத்த முடியாத குழுவை, பயிற்சி விமானப் பற்றாக்குறை நிறுத்திவிட்டது.

2015இல் ஹாக் பயிற்சி விமானத்தோடு குழு மீண்டது. சில விமானங்களோடு தொடங்கிப் படிப்படியாக ஒன்பதுக்கு உயர்ந்தது. 2019 பிப்ரவரியில் எலஹங்காவில் ஒத்திகையின்போது இரு ஹாக்குகள் மோதியதில் விங் கமாண்டர் சாஹில் காந்தி உயிரிழந்தார். ஆனாலும் குழு கலையவில்லை. 2021இல் கொழும்பு காலி முகத்திடலிலும், 2024 அக்டோபர் 6இல் சென்னை மெரினாவிலும் மக்கள் அதைக் கண்டார்கள்.

பிரிட்டனில் இப்போது நிலைமை தலைகீழ். பழைய ஹாக் டி1 விமானங்கள் 2022இல் பிற பிரிவுகளிலிருந்து விடைபெற்றன. ‘ரெட் ஏரோஸ்’ மட்டுமே அவற்றை வைத்திருக்கிறது. இந்தியாவிலோ சூரிய கிரண் பறக்கும் அதே ஹாக்கில்தான் வருங்காலப் போர்விமானிகளும் பயில்கிறார்கள். 2011இல் எழுந்த நெருக்கடிக்கான வாய்ப்பு பீதரில் இன்னும் இருக்கிறது.