வெறுமையாக விடப்பட்ட கட்டம்

சவ்வாது மலைச்சாரலில் உள்ளது கணியம்பாடி. அதற்கு வடக்கே, ஐடா ஸ்கடர் அம்மையார் நிறுவிய வேலூர்க் கிறித்துவ மருத்துவமனையில், கடவுளை மறுத்த பெரியார் 1973 டிசம்பர் 24இல் மறைந்தார். புரோகிதரற்ற சுயமரியாதைத் திருமணத்தை 1967ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் முன்னரே ஏற்றிருந்தது. எனினும் படிவங்கள் சாதியையும் மதத்தையும் கேட்டுக்கொண்டே இருந்தன.

மலைக்கு மேற்கே, திருப்பத்தூர் வழக்கறிஞர் சிநேகா பள்ளிப் பருவம் முதலே அக்கட்டங்களை நிரப்பாதவர். 2010 முதல் விண்ணப்பித்து, 2019 பிப்ரவரியில் 'சாதி, மதம் அற்றவர்' என்னும் அரசுச் சான்றிதழைப் பெற்றார்.

மதத்தைத் துறந்தோர்க்கு வாழ்வில் பற்றுக்கோடு யாது என வினவுவோர் உண்டு. சிநேகாவின் பெற்றோர் அவருடைய தங்கையர்க்கு இசுலாமிய, கிறித்துவப் பெயர்களைச் சூட்டினர். அவரும் தம் மக்களுக்கு அவ்வாறே பல சமயப் பெயர்களை இணைத்தார். வெறுமையாக விடப்பட்ட கட்டத்துள் மனிதர் அனைவர்க்கும் இடம் இருந்தது. அதுவே அவ்வினாவுக்கு விடை.