உரிந்தும் போகாத பச்சை

திருநெல்வேலி டவுணில் ஆனித் தேரோட்டம் பார்க்க ரதவீதியில் நிற்கும் கூட்டத்தில், வயது முதிர்ந்த ஆச்சிமாரின் முன்கைகளைச் சற்று உற்றுப் பாருங்கள். வளையலுக்கு மேலே, சுருக்கம் விழுந்த தோலில், மங்கிய நீலப்பச்சை நிறத்தில் ஒரு கோலமோ, ஒரு தேளோ, வரிசையாகச் சில புள்ளிகளோ தென்படும். அதைப் பற்றிக் கேட்டால், "சின்னப் பிள்ளையில குத்துனது தம்பி. கை வீங்கித் தோலெல்லாம் உரிஞ்சு போச்சு. பச்சை மட்டும் போவல" என்பது போன்ற விடைதான் வரும்.

அந்த விடைக்குள்ளேயே ஒரு கேள்வி இருக்கிறது. தோல் உரிந்து போயிற்று என்றால், அதில் எழுதிய படமும் கூடவே போயிருக்க வேண்டாமா? சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தால் அதன்மேல் வரைந்த கோலமும் உதிர்ந்துவிடுகிறதே! இன்று மின்பொறியால் பச்சை குத்திக்கொள்ளும் கல்லூரி மாணவர்களையும் இதே ஐயம் வாட்டுகிறது. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, குளித்துத் துவட்டும்போது துண்டில் மை தோய்ந்த செதில்கள் ஒட்டிக்கொண்டு வருகின்றன. கொடுத்த பணம் வீணாயிற்றோ என்று அஞ்சுகிறார்கள். உண்மையில் அஞ்சவேண்டியது வேறொன்றுக்கு. அதைப் பின்னால் பார்ப்போம்.

விளக்குக் கரியில் பிறந்த மை

பச்சை குத்துவது தமிழ்நாட்டில் பெரும்பாலும் குறவர் இனப் பெண்களின் கைத்தொழிலாக இருந்தது. (குறவர் வேறு, நரிக்குறவர் வேறு. இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வோர் இன்றும் உளர்.) குற்றாலச் சாரலில் குறி சொல்லும் குறத்தியை முக்கியப் பாத்திரமாக வைத்து மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் திருக்குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய வட்டாரம் இது. குறி சொல்லவும் கூடை விற்கவும் வீட்டு வாசலுக்கு வந்த பெண்களே ஊசியும் மையும் கொண்டுவந்து பச்சையும் குத்தினார்கள்.

அவர்கள் மை செய்த முறையைச் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை பணியாற்றிய எட்கர் தர்ஸ்டன் குறித்து வைத்திருக்கிறார். மக்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து இனம் பிரித்த அவருடைய கோட்பாடுகளை இன்று எந்த அறிவியலாளரும் ஏற்பதில்லை. ஆனால் கண்ணால் கண்ட கைவேலைகளைப் பற்றி அவர் எழுதிய குறிப்புகள் பயனுள்ளவை. மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் சேர்த்து அரைத்து, மெல்லிய துணியில் பரப்பித் திரியாகச் சுருட்டி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் இட்டு ஏற்றுவார்கள். அதன்மேல் புதிய மண்பானையைக் கவிழ்ப்பார்கள். பானையின் உட்புறத்தில் படியும் கரியைச் சுரண்டி, தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் மை தயார்.

இதில் மாணவர்கள் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. மஞ்சளும் அகத்தியும் தீயில் எரிந்த பின் எஞ்சுவது மிக நுண்ணிய கரித்துகளே. கரி எளிதில் வேதிமாற்றம் அடையாது; நீரில் கரையாது; உடலின் நொதிகளால் சிதைக்கவும் முடியாது. 1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனிதனின் உடலில் 61 பச்சைக் குறிகள் எண்ணப்பட்டுள்ளன. அவையும் கரியால் ஆனவையே. ஆல்ப்ஸ் மலை வேடனும் தாமிரபரணிக் கரைப் பெண்ணும் ஒரே பொருளைத் தேர்ந்திருக்கிறார்கள். நிலைத்து நிற்கக்கூடிய வேறு பொருள் எளிதில் அவர்கள் கைக்கு எட்டவில்லை என்பதே காரணமாக இருக்கவேண்டும்.

கரி கறுப்பாயிற்றே, பின் ஏன் 'பச்சை' என்கிறோம்? உடலுக்குள் போன கரி நிறம் மாறுவதில்லை. நாம் அதைத் தோலின் வழியாகப் பார்க்கிறோம், அவ்வளவுதான். ஒளி தோலுக்குள் நுழையும்போது சிவப்பொளி ஆழமாகச் சென்று கரியால் உறிஞ்சப்படுகிறது. நீலமும் பச்சையும் வழியிலேயே சிதறி, ஓரளவு நம் கண்ணுக்குத் திரும்பி வருகின்றன. புறங்கை நரம்புகள் பச்சையாகத் தெரிவதும் ஏறக்குறைய இதனாலேயே. ஒளிச்சிதறல் என்றதும் சர் சி. வி. ராமன் நினைவுக்கு வருவார். ஆனால் இது அவர் கண்ட விளைவு அன்று. நுண்துகள்களால் ஒளி சிதறுவதை அவருக்கு முன்பே ஆராய்ந்த ஜான் டிண்டலின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது.

தோலின் மாடியும் தரையும்

இனி நம் கேள்விக்கு வருவோம். தோல் என்பது ஒரே அடுக்கு அன்று. மேலே மேல்தோல், முன்கை போன்ற இடங்களில் இதன் தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். இதன் அடிவரிசையில் பிறக்கும் உயிரணுக்கள் மெல்ல மெல்ல மேலேறி, தட்டையாகி, மடிந்து, செதிலாக உதிர்கின்றன. இந்தப் பயணம் முடிய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். ஆகவே நாமெல்லோருமே நாள்தோறும் உரிந்துகொண்டுதான் இருக்கிறோம். செதில்கள் மிகச் சிறியவை என்பதால் தெரிவதில்லை. மேல்தோலுக்குக் கீழே, இரத்தக்குழாய்களும் நரம்புகளும் நார்களும் நிறைந்த உள்தோல் இருக்கிறது. இது உரிவதில்லை.

பச்சை குத்தும் ஊசி இரண்டையும் துளைக்கிறது. மையும் இரண்டிலும் சிந்துகிறது. அன்று மாலையே அந்த இடம் சிவந்து, வீங்கி, தெளிந்த நீர் கசிகிறது. அந்த நீர் காய்ந்து பொருக்கு ஆகிறது. அதற்கடியில் புதிய மேல்தோல் காயத்தின் விளிம்புகளிலிருந்தும் மயிர்க்கால்களிலிருந்தும் ஊர்ந்து வந்து மூடுகிறது. மூடியதும், மை படிந்த பழைய மேல்தோல் செதில் செதிலாகக் கழன்று விழுகிறது. துண்டில் ஒட்டியது இதுதான். உள்தோலில் தங்கிய மை அங்கேயே இருக்கிறது. உரிந்த பின் சில வாரங்களுக்குப் படம் பால் படர்ந்தாற்போல மங்கித் தெரியும். புதிய மேல்தோல் முற்றாகச் சீரடையாததே அதற்குக் காரணம். பிறகு தானே தெளியும்.

சரி, உள்தோலில் விழுந்த மையை இரத்தமும் நிணநீரும் அடித்துச் செல்லாதது ஏன்? இதற்கு விடை காணும் பாதை 1882-இல் இத்தாலியின் மெசினா நகரில் தொடங்கியது. இலியா மெட்ச்னிகாஃப் என்ற ரஷ்ய அறிவியலாளர், கண்ணாடி போன்ற உடலுடைய விண்மீன் உயிரியின் இளவுயிரியில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் நகரும் உயிரணுக்கள் அந்த முள்ளைச் சூழ்ந்து நின்றன! உடலுக்குள் நுழையும் அந்நியப் பொருளை விழுங்கும் இந்த உயிரணுக்களை விழுங்கணுக்கள் என்கிறோம். இதற்காக அவர் 1908-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பச்சை குத்துவதும் முள் குத்துவது போன்றதே. உள்தோலில் வாழும் பெரிய விழுங்கணுக்கள் கரித்துகளை விழுங்குகின்றன, செரிக்க இயலவில்லை. கொஞ்சம் மை நிணநீர் வழியே அக்குளின் நிணநீர்க் கணுக்களுக்குச் சென்று சேர்கிறது. மீதி அங்கேயே சிறைப்படுகிறது. சிறைக்காவலர் சாகாவரம் பெற்றவர்கள் என்றே நெடுநாள் எண்ணியிருந்தனர். 2018-இல் பிரான்ஸின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளின் வாலில் பச்சை குத்தி, மையை வைத்திருந்த விழுங்கணுக்களை மட்டும் அழித்துப் பார்த்தார்கள். படம் அழியவில்லை. இறந்த உயிரணு விட்ட மையைப் புதிதாக வந்த உயிரணு உடனே விழுங்கிக்கொண்டது. படம் நிலைப்பது ஓர் உயிரணுவின் ஆயுளால் அன்று, கைமாறிக் கைமாறிக் காப்பதால். நம் ஆச்சியின் கையிலும் இத்தகைய கைமாற்றம் பலமுறை நடந்திருக்கும். ஒவ்வொரு முறையும் மை இம்மியளவு நகர்வதாலேயே முதுமையில் கோடுகள் தடித்து மங்கலாகத் தெரிகின்றன எனலாம்.

பொருக்கும் எண்ணெயும்

பச்சை குத்திய இடத்தைக் கழுவி, மஞ்சளும் எண்ணெயும் குழைத்துப் பூசுவது பழைய வழக்கம். இதை மூடப்பழக்கம் என்று ஒதுக்குவோரும் உண்டு, சர்வரோக நிவாரணி என்று புகழ்வோரும் உண்டு. இரண்டுமே சரியன்று.

காயம் காற்றாட இருந்து, காய்ந்து, பொருக்குத் தட்டினால்தான் ஆறும் என்று மருத்துவர்களே நெடுங்காலம் நம்பினர். 1962-இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் விண்டர் பன்றிக்குட்டிகளின் தோலில் மேலோட்டமான காயங்கள் செய்து, சிலவற்றைக் காற்றாட விட்டார். சிலவற்றைப் பாலிதீன் படலத்தால் மூடினார். மூடி ஈரமாக வைத்த காயங்களில் புதிய தோல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் படர்ந்தது. காரணம் எளிது. தோலுயிரணுக்கள் ஈரத்தில்தான் ஊர்ந்து செல்ல முடியும். காய்ந்த பொருக்கு இருந்தால் அதைச் சுற்றி, அதற்கடியில் ஈரம் தேடிப் போகவேண்டியிருக்கிறது.

எண்ணெய்ப் பூச்சு பாலிதீன் அளவுக்கு ஈரம் காக்காது. எனினும் பொருக்கு பாளமாக இறுகாமல் மெல்லிய செதில்களாக உதிரச் செய்யும். ஈக்கள் மொய்ப்பதையும் ஓரளவு தடுக்கும். மஞ்சளைப் பொறுத்தவரை, அதன் நிறப்பொருளான குர்க்குமின் 1815-லேயே பிரித்தெடுக்கப்பட்டது. வீக்கத்தைத் தணிக்கும் தன்மை அதற்கு உண்டென ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. புண்ணுக்கு மஞ்சள் இடுவதைப் புதிய கண்டுபிடிப்பெனச் சொல்லி 1995-இல் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையம் காப்புரிமை பெற்றது. நம் நாட்டின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களையும் 1953-இல் ஓர் இந்திய மருத்துவ இதழில் வந்த கட்டுரையையும் காட்டி வழக்காட, 1997-இல் அது நீக்கப்பட்டது. பாட்டிமாரின் கைமருந்துக்கு இப்படியொரு வெற்றி கிடைத்தது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அந்த வழக்கு, இது பழைய அறிவு என்பதைத்தான் நிறுவியது. கடையில் வாங்கிய மஞ்சள்தூளைத் திறந்த புண்ணில் கொட்டலாம் என்று நிறுவவில்லை. அடுக்களை மஞ்சளில் கிருமிகளின் வித்துகள் இருக்கலாம். நிறத்துக்காக ஈய உப்பைக் கலப்பாரும் உண்டு.

மையின் கதையும் அப்படியே. தீச்சுடரில் பிறந்து புதுப்பானையில் படிந்த கரி, பிறக்கும்போது ஏறக்குறையக் கிருமியற்றது. அதைக் குழைக்கும் தண்ணீரும் தொடும் விரலும்தான் கிருமியைச் சேர்த்தன. எல்லாவற்றிலும் பெருங்கேடு ஊசியில் இருந்தது. ஒருத்தியின் கையில் குத்திய ஊசி, துடைத்த அளவில் அடுத்தவள் கைக்குப் போயிற்று. ஹெப்பாடிடிஸ் பி வைரஸின் புரதத்தைப் பரூக் புளும்பர்க் குழுவினர் கண்டறிந்து வெளியிட்டது 1965-இல்தான். கண்ணுக்குத் தெரியாத துளி இரத்தத்தில் ஈரல் நோய் பயணம் செய்யும் என்பது அதற்கு முன் நம் குறத்திக்கு மட்டுமன்று, மருத்துவர் பலருக்கும் தெளிவாகத் தெரியாது. அவளை அரசு அறிவூட்டத்தக்க தொழிலாளியாகப் பார்க்கவுமில்லை. குறவர் பிரிவுகள் பலவற்றைக் குற்றப்பரம்பரைச் சட்டத்தில் அடைத்து, கைரேகை வாங்கி வைத்திருந்தது. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது 1947-இல்.

ஆக, இன்று குத்திக்கொள்வோர் அஞ்சவேண்டியது உரியும் தோலுக்கு அன்று, ஊசிக்கும் மைக்கும்தான். உறை பிரிக்காத புது ஊசியை நம் கண்முன் பிரிக்கச் சொல்ல வேண்டும். மையைத் தனிக் கிண்ணத்தில் ஊற்றவேண்டும். இந்தியாவில் பச்சை குத்திய ஓராண்டு வரை இரத்ததானம் ஏற்பதில்லை என்ற விதியும் இந்த அச்சத்தால் எழுந்ததே.

அதன்பின் செய்யவேண்டியவை மிகச் சில. கையைச் சோப்பிட்டுக் கழுவிய பிறகே புண்ணைத் தொடவேண்டும். மிதமான சோப்பும் சுத்தமான நீரும் கொண்டு நாளைக்கு இரண்டு முறை கழுவி, ஒற்றி எடுத்து, மணமற்ற களிம்பை மெல்லிய படலமாகத் தடவினால் போதும். அப்பிவைத்தால் தோல் ஊறிப்போகும். நமைச்சல் எடுக்கும்; சொறியக்கூடாது. பொருக்கைப் பிய்த்தால் அதன் வேர் உள்தோலிலிருந்து மையையும் பிடுங்கிக்கொண்டு வரும், தழும்பும் விழும். படம் கெடுவது உரிவதாலன்று, உரிப்பதால்தான். இரண்டு மூன்று வாரங்கள் வெயில் படாமல் காக்கவேண்டும். நீரில் மூழ்கவும் கூடாது. நம்மூரில் இதுதான் பெருஞ்சோதனை. ஆனித் தேரோடும் வேளையில் குற்றாலத்தில் சீசனும் தொடங்கிவிடுகிறது. குத்திய கையோடு அருவியில் நிற்பதும், குறுக்குத்துறைப் படித்துறையில் அமிழ்ந்து குளிப்பதும் ஆறாத புண்ணுக்கு ஆகா. சிவப்பு நாளுக்கு நாள் பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ மஞ்சளை நம்பி வீட்டில் இராமல் மருத்துவரிடம் சென்றுவிட வேண்டும்.

குத்திய பச்சையை வேண்டாமென்று அழிக்க வருவோரும் இப்போது பெருகிவிட்டனர். லேசர் ஒளி மைத்துகளை நுணுக்கிச் சிதறடிக்கிறது. சிறு துகள்களை நிணநீர் கொண்டுபோகிறது. எஞ்சியதைப் புதிய விழுங்கணுக்கள் மறுபடி விழுங்கிக்கொள்வதால் ஒரே அமர்வில் முடிவதில்லை. வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பலமுறை போகவேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த இடம் சிவந்து, பொருக்குத் தட்டி, உரிகிறது. அப்போதும் பொருக்கைப் பிய்க்கக்கூடாது.