மானியமும் நிபந்தனையும்

இன்று மானியம் என்றால் உரத்துக்கும் எரிவாயு சிலிண்டருக்கும் அரசு தரும் தொகை நினைவுக்கு வரும். பழைய ஆவணங்களில் அது நிலம். கோயிலில் விளக்கேற்றுபவருக்கு, மேளம் வாசிப்பவருக்கு, ஊர்ப்பணி செய்பவருக்கு வரி நீக்கியோ குறைத்தோ விடப்பட்ட நிலம். பணி நடக்கும் வரை நிலத்தை அனுபவிக்கலாம். பணி நின்றால் நிலமும் போகும். கொடுப்பவர் சொன்ன வேலையைச் செய்துகொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பெண்கள் அமைப்புகள் நிதி கேட்டு விண்ணப்பித்த நூறாண்டுக் கதையை இந்த நிபந்தனையின் கதையாகவும் வாசிக்கலாம்.

தேவதாசிப் பெண்கள் பலரிடம் இத்தகைய மானிய நிலம் இருந்தது. பொட்டுக்கட்டிக் கோயில் பணியில் இருந்தால்தான் நிலம். இந்த வழக்கம் என் மகளுக்கு வேண்டாம் என்று ஒருத்தி முடிவெடுத்தால் சோற்றுக்கான வழியும் அடைபடும். சென்னைச் சட்டமன்ற மேலவையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி எடுத்த முயற்சியால் 1929-இல் வந்த சட்டத் திருத்தம் இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தது. கோயில் பணியிலிருந்து நிலம் விடுவிக்கப்பட்டது; ஒரு வரி செலுத்திவிட்டுப் பெண் தன் நிலத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம் என்றானது. முத்துலட்சுமியின் முயற்சிகளை மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஆதரித்தார். எதிர்த்து அரசுக்கு மனு எழுதிய தேவதாசிகளும் இருந்தார்கள். அந்த மனுக்களும் பெண்கள் எழுதிய விண்ணப்பங்கள்தாம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. நமக்குத் தேவையான பாடம் ஒன்று இதில் உண்டு: நிபந்தனையும் உதவியும் இயற்கையிலேயே ஒட்டிப் பிறந்தவை அல்ல. பிரிக்க வேண்டும் என்று ஒரு பெண் சபையில் எழுந்து கேட்டதால் பிரிந்தன.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே சென்னையில் வேறொரு விண்ணப்பம் வெற்றி பெற்றிருந்தது. குழந்தை விதவையாகி, படித்துப் பட்டம் பெற்ற சகோதரி சுப்பலட்சுமி 1912-இல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கினார். அவர் பராமரித்த இளம் விதவைகளுக்கான விடுதி அரசு உதவியோடு வளர்ந்து, பின்னர் கடற்கரையில் இருக்கும் ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்குப் போனது. அரசு ஏன் உதவியது? பெண்கள் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைக்கவில்லை. விதவைக்கு வாழ்வு வேண்டும், அரசுக்கு ஆசிரியை வேண்டும். இரண்டும் சந்தித்த இடத்தில் பணம் வந்தது. ஆனால் அந்த விடுதி பிராமண விதவைகளுக்கானது. வயலில் நடவு நட்ட விதவைக்கும் தோல் பதனிட்ட விதவைக்கும் அந்தப் படியில் ஏற இடமில்லை. சுப்பலட்சுமியின் துணிச்சலைக் கொண்டாடும்போதே, யாருடைய துயரம் நிதிக்குத் தகுதி பெற்றது என்றும் கேட்டாக வேண்டும். நிதியின் வரலாற்றில் சாதி எப்போதும் எழுதப்படாத ஒரு தகுதி விதி.

விடுதலைக்குப் பின் நிதி கேட்கும் வாசல் அகலமானது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் தன்னார்வ அமைப்புகளின் நலப்பணிக்கு 4 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. திட்டக்குழு உறுப்பினராக இருந்த துர்காபாய் தேஷ்முக்கின் தலைமையில் 1953 ஆகஸ்டில் மத்திய சமூக நல வாரியம் உருவானது. துர்காபாய்க்கு விண்ணப்பிப்பவரின் பக்கமும் தெரியும். மயிலாப்பூரில் தன் வீட்டில் பெண்களைச் சேர்த்துப் பாடம் சொல்லிக் கொடுத்து, மெட்ரிக் தேர்வு எழுத வைத்து, அதிலிருந்து ஆந்திர மகிள சபையை வளர்த்தவர் அவர். படிப்பை இடையில் விட்ட பெண்களுக்குச் சுருக்கக் கல்வி வகுப்பு நடத்த வாரியம் 1958-இல் கொண்டுவந்த திட்டத்தில் அந்த வீட்டுத் திண்ணையின் சாயலைப் பார்க்கலாம். களத்தில் நின்றவள் மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்காரும்போது படிவத்தின் கேள்விகள் மாறுகின்றன.

ஆனாலும் கிராமத்துக்கு வந்து சேர்ந்தபோது அந்தப் பணம் பெண்ணைத் தாயாகவே பார்த்தது. முக்கிய சேவிகாவும் கிராம சேவிகாவும் சுற்றி வந்த காலத்து மாதர் சங்கங்களுக்குத் தையல் மெஷின் வந்தது, பால்வாடி வந்தது, சத்துணவுச் செய்முறை வந்தது. இவை பயனுள்ளவை, தையல் மெஷினால் பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ. ஆனால் கூலி உயர்வு கேட்கவோ, பட்டாவில் தன் பெயரைச் சேர்க்கவோ ஒரு மாதர் சங்கம் நிதி கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

அடுத்த திருப்பம் 1989-இல் தருமபுரியில் தொடங்கியது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அங்கே சுயஉதவிக் குழுக்களை அமைத்தது. 1992-இல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோட்டத்தை ஆரம்பித்தது. 1997-98இல் மகளிர் திட்டம் மாநிலமெங்கும் விரியத் தொடங்கியது. பெண்கள் வங்கிப் படியேறினார்கள், கையெழுத்துப் போட்டார்கள், மேலாளர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். இதைச் சிறிய மாற்றம் என்று யாரும் சொல்ல முடியாது. அதோடு இன்னொன்றும் நடந்தது. பெண்கள் கூடுவதற்கான பணம் பெரும்பாலும் கடனாக மாறியது. விதவையாக, தாயாகப் பார்க்கப்பட்ட பெண் இப்போது சேமிப்பவள், தவணை தவறாதவள். கூட்டத்தில் முதல் பேச்சு தவணையாகிவிட்டால், நேற்று இரவு அடி வாங்கியவளின் பேச்சு எத்தனையாவதாக வரும்?

இந்தக் கேள்வியை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையடியில், தாணிப்பாறை போகும் வழியில் இருக்கும் மகாராஜபுரத்தில் பத்துப் பெண்கள் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தோப்பு வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்கள். அவர்கள் கேட்பது ஓர் அறை. பகலில் உட்கார்ந்து பேச, பிள்ளைகள் படிக்க, வீட்டிலிருந்து விரட்டப்பட்டவள் ஓர் இரவு பயமில்லாமல் படுக்க. மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. வழக்குக்குப் போகிறவளுக்கும் துணைக்குப் போகிறவளுக்கும் பஸ் செலவு, அன்றைய கூலி. இவ்வளவுதான்.

இதற்கு யாரிடம் போவது? 2013-இல் 1000 கோடி ரூபாயோடு அறிவிக்கப்பட்ட நிர்பயா நிதியிலிருந்து ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வந்தன. அவை மாவட்ட அளவிலானவை. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறது. 2013 கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். பாலினச் சமத்துவமும் பெண்களுக்கான இல்லங்களும் அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலேயே இருக்கின்றன. ஆலைகள் நிறைந்த ராஜபாளையம் பக்கத்தில்தான். ஆனால் பெறும் அமைப்பு பதிவு பெற்றிருக்க வேண்டும். வருமான வரித்துறையின் 12ஏ, 80ஜி சான்றுகள் வேண்டும். மூன்றாண்டு அனுபவம் வேண்டும். 2021 முதல் சிஎஸ்ஆர்-1 பதிவு எண்ணும் வேண்டும். வெளிநாட்டு நிதி இன்னும் தொலைவு. மூன்றாண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்திருந்தால்தான் பதிவுக்கே விண்ணப்பிக்க முடியும். முன்பு பெரிய அமைப்புகள் வெளிநாட்டு நிதியில் ஒரு பகுதியைச் சிறிய குழுக்களுக்குக் கொடுத்துவந்தன. 2020 சட்டத் திருத்தம் அந்தக் கைமாற்றத்தையும் தடை செய்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆனது. வாடகையும் சம்பளமும் நிர்வாகச் செலவாகக் கணக்கிடப்படும்போது, பெண்ணுக்குத் துணையாக நீதிமன்றம் போகும் இன்னொரு பெண்ணின் உழைப்பு மறுபடியும் இலவசமாகிறது. வீட்டுக்குள் கூலியில்லாமல் செய்ததை ஊருக்கும் கூலியில்லாமல் செய் என்று கணக்கு சொல்கிறது.

அதற்காக விண்ணப்பிக்காமல் இருக்க முடியாது. வரிப்பணம் நம்முடையது, லாபத்தில் நம் உழைப்பும் இருக்கிறது. எப்படி விண்ணப்பிப்பது என்பதே பேச வேண்டியது. படிவத்தைத் திறக்கும் முன், நமக்கு என்ன வேண்டும் என்று நம் பேச்சிலேயே ஒரு பக்கம் எழுதிக்கொள்ள வேண்டும். படிவம் எங்கே அந்தப் பக்கத்தை வெட்டுகிறது என்பது அப்போதுதான் தெரியும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஏழு பேர் இருந்தால் சங்கம் பதியலாம். மூன்றாண்டு அனுபவம் கேட்கும் உலகில் பதிவைத் தள்ளிப்போடுவது காலத்தை இழப்பது. தீர்மானப் புத்தகமும் வரவு செலவுக் கணக்கும் முதல் நாளிலிருந்தே வேண்டும். துணைக்குப் போகிறவளின் கூலியையும் பஸ் செலவையும் வெட்கப்படாமல் திட்டச் செலவாக எழுதிக் கேட்க வேண்டும். மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்க வேண்டும்.

மாணவிகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஆவணக் காப்பகங்களில் தேடினால் நிதி கொடுத்தவர்களின் கோப்புகள் கிடைக்கின்றன. கிடைத்த பணத்துக்கு எழுதிய நன்றிக் கடிதங்களும் கிடைக்கின்றன. நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களை யார் வைத்திருக்கிறார்கள்? பெண்கள் உண்மையில் எதை விரும்பினார்கள் என்பது அவற்றில்தான் இருக்கும். உங்கள் ஊரின் பழைய மாதர் சங்கத்துத் தலைவியின் வீட்டுப் பரணில், குழுவின் முதல் ஊக்குநர் வைத்திருக்கும் துணிப்பையில் அப்படி ஒரு கற்றை இருக்கலாம். கரையான் அரிப்பதற்குள் போய்க் கேளுங்கள். பெயர், தேதி, கேட்ட தொகை, கேட்ட காரணம், கிடைத்த பதில் ஆகிய ஐந்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 1929-இல் நிலத்திலிருந்து நிபந்தனையைப் பிரிக்க முடிந்தது, அந்த நிபந்தனை என்ன என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால். இன்றைய நிபந்தனைகளை ஒரே இடத்தில் எழுதி வைத்தால், அவற்றையும் பெயர் சொல்லிக் கேட்கலாம்.